நூற்றுப் பன்னிரண்டு நாள் வாய்ப்பூட்டு

மார்ச் 6

தம்பிக்கு,

மூன்று நாளாக உனக்குப் போன் அடித்ததில் என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். மணி அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. வேலை விஷயத்தைப் போனிலும் மெயிலிலும் பேசாதே, எங்கள் கம்பெனியில் எல்லாம் பதிவாகும் என்று நீ முன்பே சொல்லியிருக்கிறாய். அதனால் பிரெய்ல் பலகையையும் ஊசியையும் தேடி எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். கையால் புள்ளி குத்திப் பல வருஷம் ஆகிறது. வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே வரும்போது பாதி வரியில் எந்த எழுத்தில் நிற்கிறேன் என்பதே மறந்துபோகிறது. தப்பாகக் குத்திய இடங்களை நகத்தால் தேய்த்து அமுக்கியிருக்கிறேன். நீதான் தடவிப் படிக்க மாட்டாயே, சின்ன வயதிலிருந்தே கண்ணால் பார்த்துப் படிக்கிற சோம்பேறி.

விஷயம் இதுதான். கிளி பேசவில்லை.

நான்காம் தேதி காலை ஏழு மணிக்குக் கணினியை ஆன் செய்தேன். விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. வழக்கமாகப் பதினொன்று எண்ணுவதற்குள், கண் தெரியாதவர்களுக்காக நாம் எழுதிய அந்தப் பேசும் இயங்குதளம் "கிளி தயார்" என்று சொல்லிவிடும். முப்பது எண்ணினேன், அறுபது எண்ணினேன், விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் ஒயர் கழன்றிருக்கும் என்று மேசைக்கடியில் குனிந்து தலையை இடித்துக்கொண்டேன். அப்போதுதான் போன் வந்தது. மருத்துவமனை டெலிபோன் அறையிலிருந்து வானொலி.

அவருடைய குரலுக்கு நீ வைத்த பட்டப்பெயர்தானே அது, மறந்திருக்க மாட்டாய். "என்னம்மா, கிளி வாயே தொறக்க மாட்டேங்குது. எட்டுப் பேரோடதும் அப்படித்தான். இடது காதுல கூப்பிடுறவங்க கத்துறாங்க, வலது காதுல சத்தமே இல்ல" என்றார். அவர்கள் எட்டுப் பேருக்கும் பார்வை கிடையாது. இடது காதில் வெளியாளின் குரல், வலது காதில் எந்த வார்டு, எந்த எண் என்று கிளி படித்துக் காட்டும் குரல், இரண்டையும் வைத்துத்தான் அந்த அறையே ஓடுகிறது. மேற்பார்வையாளர் அம்மா கண் தெரிந்தவர். திரையில் என்ன இருக்கிறது என்று அவரைப் படிக்கச் சொன்னேன். "சிவப்புக் கட்டம். பாதுகாப்பு மீறல், இந்த நிரலின் கையெழுத்து ரத்து செய்யப்பட்டது. அவ்வளவுதாங்க இருக்கு" என்றார்.

மத்தியானத்துக்குள் நாற்பது போன். கிளியை நம்பி இருப்பவர்கள் இருநூற்று எழுபது பேர், அத்தனை பேர் வீட்டிலும் ஒரே சிவப்புக் கட்டம். அதைப் பார்க்க அங்கே யாருக்கும் கண் இல்லை என்பது வேறு விஷயம்.

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. கணினியை ஆன் செய்ததும் முதலில் விழிப்பது உங்கள் கம்பெனி மாதிரியானவர்கள் எழுதுகிற ஃபர்ம்வேர். செக்யூர் பூட் என்று அது வாசலில் காவல் நிற்கிறது. பெரிய இடத்துக் கையெழுத்து வாங்கிய நிரலை மட்டும் உள்ளே விடும், ரத்தான கையெழுத்துகளின் பட்டியலில் இருந்தால் துரத்திவிடும். எட்டு வருஷத்துக்கு முன் நீ நாயாய் அலைந்து கிளிக்கு அந்தக் கையெழுத்தை வாங்கினாய். மூன்றாம் தேதி புதிய ரத்துப் பட்டியல் வந்திருக்கிறது. பாதுகாப்பு அப்டேட் எது வந்தாலும் கேள்வி கேட்காமல் ஏற்றிக்கொள் என்று கிளிக்கு நாம்தான் சொல்லி வைத்திருக்கிறோம். அது சமர்த்தாக ராத்திரியோடு ராத்திரியாகப் பட்டியலை இறக்கித் தன் கழுத்தைத் தானே திருகிக்கொண்டுவிட்டது.

காவலை அணைத்துவிடலாம், தெரியும். ஆனால் அணைக்கிற பொத்தான் இருப்பது ஃபர்ம்வேர் மெனுவுக்குள், அந்த மெனு பேசாது. கண் தெரிந்தவனுக்கு இரண்டு நிமிஷ வேலை. எங்களுக்கு அது ஊமைச் சுவர்.

எட்டுப் பேருடைய ஒப்பந்தம் மார்ச் முப்பத்தொன்றாம் தேதி புதுப்பிக்க வேண்டும். அதற்குள் கிளி பேசியாக வேண்டும். என்ன நடந்தது, எதனால் ரத்து செய்தார்கள், என்ன செய்தால் சரியாகும் என்று உடனே எழுது. பயமாக இருக்கிறது, மறைத்து என்ன ஆகப்போகிறது.

அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் நேற்று வந்தது. போன் எடுக்காததற்கு மன்னித்துவிடு. இங்கே இந்த ரத்துப் பட்டியல் விவகாரத்தில் ஒரு வாரமாக எங்கள் பிரிவில் யாரும் வீட்டுக்கே போகவில்லை. பட்டியல் விஷயமாக வெளியாட்களோடு பேசக்கூடாது என்று உத்தரவு வேறு. நீ வெளியாளா என்று கேட்பாய். அவர்கள் பார்வையில் எல்லோரும் வெளியாள்தான்.

எனக்கும் மூன்றாம் தேதி காலையில்தான் தெரியும். பட்டியலில் கிளி இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். குறை இருப்பது தொடக்க நிரலில், கடவுச்சொல் தட்டும்போது எழுத்துக்கு ஒரு டிக் ஓசை வருமே, அந்தப் பகுதியில். நாற்பது எழுத்துக்கு மேல் போனால் நினைவகம் வழிந்துவிடுகிறது. வழிகிற இடத்தில் ஒருவன் தன் நிரலைச் செருகிவிடலாம், அதன்பின் காவல் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். இது நிஜமான ஆபத்து, அக்கா. பூச்சாண்டி இல்லை. நாற்பதுக்குக் கீழே வரம்பு வைத்து அந்தப் பகுதியை மாற்றிவிடு, நான்கே வரி.

புதிய கையெழுத்துக்கு விண்ணப்பித்தால் ஆறேழு வாரம் ஆகும். அதுவரைக்கும் காவலை அணைத்து வைப்பதுதான் வழி. மெனு பேசாது என்பது சரிதான், ஆனால் எண்ணிக்கை வைத்துப் போகலாம். டெலிபோன் அறையில் இருப்பது எங்கள் ஃபர்ம்வேர்தான், எனக்கு மனப்பாடம். ஆன் செய்ததும் எஃப்-டூவை விடாமல் தட்ட வேண்டும். பத்து எண்ணு. வலது அம்பு மூன்று முறை. கீழ் அம்பு ஐந்து முறை. என்டர். திரையில் ஒரு கேள்வி வரும், உங்களுக்குத் தெரியாது. இடது அம்பு ஒரு முறை, என்டர். கடைசியில் எஃப்-டென், என்டர்.

எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடு. உன் உடம்பைப் பார்த்துக்கொள். தலையில் இடித்துக்கொண்ட இடத்தில் வீக்கம் இல்லையே?

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

நேற்று முன்தினத்திலிருந்து நீ போன் அடிக்கிறாய், நான் எடுக்கவில்லை. பேச்சில் நீ நழுவிவிடுவாய். புள்ளியில் குத்தினால் நழுவ முடியாது, நின்று நிதானமாகத்தான் பொய் சொல்ல வேண்டும்.

முதலில் டெலிபோன் அறையில் நடந்ததைச் சொல்கிறேன். நானே போய் உட்கார்ந்து எட்டுப் பேருக்கும் எண்ணிக்கை சொன்னேன். வலது மூன்று, கீழே ஐந்து. மேற்பார்வையாளர் அம்மா அன்றைக்கு ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார், எங்களுக்குள்ளே கண் உள்ள ஒரு ஆள்கூட இல்லை. ஐந்து கணினியில் கிளி பேசியது. பேசியதும் அந்த அறையில் எழுந்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். இரண்டு கணினியில் மெனுவுக்கே அலுவலகம் கடவுச்சொல் போட்டிருக்கிறது, உள்ளே நுழைய முடியவில்லை.

எட்டாவது வானொலியுடையது. போன மாதம்தான் அவருக்குப் புதுக் கணினி கொடுத்திருக்கிறார்கள். அதில் மெனுவில் ஒரு வரி கூடுதலாம், உன் மனப்பாடத்தில் இல்லாத வரி. கீழே ஐந்து போய் அவர் நின்ற இடம் வேறு. என்டர் அடித்தார், கேள்வி கேட்டது, இடது ஒன்று, என்டர். நான்தான் பக்கத்தில் நின்று "ஆமா, ஆமா, அடிங்க" என்றேன். மறுநாள் மேற்பார்வையாளர் அம்மா வந்து பார்த்துச் சொன்னார். வட்டு முழுவதையும் அழிக்கவா என்று கேட்டிருக்கிறது. ஆம் என்று சொல்லியிருக்கிறோம்.

பதினொரு வருஷம் அவர் தட்டி வைத்த குறிப்புகளைப் பழைய கணினியிலிருந்து அதற்குத்தான் மாற்றியிருந்தார்கள். எந்த டாக்டர் எத்தனை மணி அடித்தால் எடுப்பார், எந்த வார்டில் யாரும் எடுக்காவிட்டால் யாரைப் பிடிக்க வேண்டும், தினமும் கூப்பிட்டு அழுகிறவர்களிடம் என்ன சொன்னால் அடங்குவார்கள், எல்லாம். அவர் என்னைத் திட்டவில்லை. "ஒண்ணுமே மிச்சம் இல்லையாம்மா?" என்று ஒருமுறை கேட்டார். நான் இல்லை என்றேன். அதற்கப்புறம் அவர் பேசவில்லை, வானொலி பேசாமல் உட்கார்ந்திருந்து அந்த அறை இதுவரை பார்த்ததில்லை.

பேசிய ஐந்தும் மூன்று நாள்தான் பேசின. கணினிப் பிரிவு அதிகாரி வந்து, காவல் அணைத்த கணினிகள் தணிக்கையில் தேறாது என்று எல்லாவற்றையும் மறுபடி பூட்டிவிட்டார். "கதவத் தொறந்து போட்டுட்டு நோயாளிங்க விவரத்த உள்ள வைக்கச் சொல்றீங்களா?" என்று என்னிடமே கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான் என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது. இப்போது தற்காலிகமாக நான்கு கண் தெரிந்த ஆட்கள் வந்திருக்கிறார்கள். எட்டுப் பேரும் அதே அறையில் சுவரோரம் நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, தங்கள் வேலையை மற்றவர்கள் செய்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இனி உன் விஷயம்.

அந்தப் பட்டியலோடு வந்த அறிவிப்பைப் போனைப் படிக்க வைத்து வரி வரியாகக் கேட்டேன். "தொடக்க நிரலில் நினைவக வழிவு" என்று மட்டும் இருக்கிறது. டிக் ஓசை என்று இல்லை. நாற்பது எழுத்து என்று இல்லை. விவரங்களைத் தொண்ணூறு நாள் கழித்து வெளியிடுவோம் என்று போட்டிருக்கிறார்கள். உனக்கு எப்படி இவ்வளவு சுத்தமாகத் தெரிந்தது?

அறிவிப்பின் கடைசியில் தேதிகள் கொடுத்திருக்கிறார்கள். குறை தெரிவிக்கப்பட்டது நவம்பர் பதினொன்று. வெளியிட்டது மார்ச் மூன்று. நடுவில் நூற்றுப் பன்னிரண்டு நாள் யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று ஏற்பாடு. அதற்கு உங்கள் பாஷையில் எம்பார்கோ என்று பெயராம். எனக்கு வாய்ப்பூட்டு என்றுதான் காதில் விழுகிறது.

டிசம்பரில் நீ ஒரு வாரம் வீட்டில் இருந்தாய். சமையலறைக் குழாயைச் சரிசெய்து கொடுத்தாய். என் மேசைக்குப் பக்கத்தில் டீயோடு உட்கார்ந்து, "கிளி எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டாய். நல்லாப் பேசுதுடா என்றேன். நீ டீயைக் குடித்தாய்.

அன்றைக்கு உனக்குத் தெரியுமா, தெரியாதா?

அக்கா


மார்ச் 27

அக்கா,

தெரியும்.

கண்டுபிடித்ததே நான்தான். மற்றவர்களுடைய தொடக்க நிரல்களைத் துருவிப் பார்ப்பது எங்கள் பிரிவின் வேலை. பெரிய அமைப்பு ஒன்றின் நிரலைப் படித்துக்கொண்டிருந்தேன். ஓர் இடத்தில் வந்ததும் எங்கேயோ பார்த்த கையெழுத்து மாதிரி இருந்தது. என்னுடையதுதான். கிளிக்காக நான் எழுதிய டிக் ஓசை. திறந்த மூலம் என்று எல்லோரும் எடுக்கும்படி போட்டோமே, ஐந்து பெரிய அமைப்புகள் எடுத்திருக்கின்றன. பார்வையில்லாதவர்களுக்கு உதவும் என்று நன்றி எழுதிப் போட்டிருக்கிறார்கள். எடுத்தபோது நீயும் நானும் எவ்வளவு துள்ளினோம். குறையையும் சேர்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள்.

பார்த்தபின் சொல்லாமல் இருக்க முடியுமா? அந்த ஓட்டை வழியாக யாராவது ஒரு மருத்துவமனையையோ மின்நிலையத்தையோ முடக்கியிருந்தால்? நான் தெரிவித்தேன். அந்த நிமிஷமே வாய்ப்பூட்டும் விழுந்துவிட்டது. ஃபர்ம்வேர் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து நடத்துகிற குழு அது. முன்கூட்டிச் சொல்கிற பட்டியலில் இருக்கிறவர்களுக்குக் காதும் காதும் வைத்த மாதிரி சொல்வார்கள், அவர்கள் திருத்திப் புதுக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள், குறித்த நாளில் பழையதெல்லாம் ரத்தாகும். அந்த ஐந்து பேரும் மூன்றாம் தேதிக்குள் தயாராக இருந்தார்கள். கிளி அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலை வைத்திருப்பது நான் இல்லை, அக்கா. என் கையில் இல்லை.

டிசம்பரில் சொல்லிவிடத்தான் வந்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டாய். டீ குடித்தது நினைவிருக்கிறது. ருசியே தெரியவில்லை. முன்கூட்டிக் கசிந்தால் குழு முழுவதும் நாறிப்போகும், வேலை போவது மட்டுமில்லை, வழக்கும் வரும். மென்று முழுங்கிவிட்டேன். போன கடிதத்தில் மூன்றாம் தேதி என்று எழுதியது பொய். அதற்கு எந்தச் சப்பைக்கட்டும் இல்லை.

வானொலி விஷயத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க என்னால் வேலை பார்க்க முடியவில்லை. புது மாடலில் ஒரு வரி கூடியது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த மாடலின் மெனு எங்கள் பக்கத்து மேசையில் செய்தது.

இப்போது செய்யக்கூடியது ஒன்றுதான். திருத்திய தொடக்க நிரலைக் கையெழுத்துக்கு முன் சோதிக்கிற ஆய்வாளர்களுக்கு அனுப்பு. பொதுவில் வைத்துக் கேள்வி கேட்பார்கள், பொறுமையாகப் பதில் சொல். பொறுப்பாளர்கள் என்று இரண்டு பேரைக் காட்ட வேண்டும். நான் அதில் இருக்க முடியாது, வேறு ஒருவரைப் போடு. திட்டி எழுதினாலும் சரி, எழுது.

தம்பி


ஏப்ரல் 15

தம்பிக்கு,

முப்பத்தொன்றாம் தேதி ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. எட்டுப் பேரின் வேலையை நான்கு பேர் பார்க்கிறார்கள், அதுவே போதும் என்று தெரிந்துவிட்டதாம். மேற்பார்வையாளர் அம்மா எனக்குப் போன் செய்து அழுதார். நான் அவரைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது. வானொலி வீட்டுக்கு இரண்டு தடவை போனேன். கதவைத் திறந்தார், உட்காரச் சொன்னார், நான் கிளம்புகிறவரை பேசவில்லை. கோபத்தில் பேசாமல் இருந்தால் எனக்குத் தெரியும். இது வேறு.

அந்த நான்கு வரியைப் போனிலேயே தட்டித் திருத்தி விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். இரண்டாவது பொறுப்பாளராக வானொலியைப் போட்டிருக்கிறேன். அவர் மறுக்கவும் இல்லை, சம்மதம் என்று வாயால் சொல்லவும் இல்லை, படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டார். ஆய்வாளர் ஒருவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி முப்பத்திரண்டு கேள்வி கேட்டார், நாலு நாள் உட்கார்ந்து பதில் எழுதினேன். நல்ல மனுஷன். கடைசியில் அவரே ஆச்சரியப்பட்டு ஒன்று எழுதியிருந்தார்.

குறையைத் தெரிவிக்கிற படிவத்திலேயே, இந்தக் குறை உள்ள வேறு அமைப்புகள் ஏதும் உங்களுக்குத் தெரியுமா என்று ஒரு வரி உண்டாம். தெரிவிக்கிறவர் அங்கே ஒரு பெயரை எழுதினால் போதும், அவர்களையும் முன்கூட்டிச் சொல்கிற பட்டியலில் சேர்த்துக்கொள்வார்களாம். போன வருஷம் வெறும் நாற்பது பேர் வைத்திருக்கிற பள்ளிக்கூட அமைப்பு ஒன்றை அப்படிச் சேர்த்திருக்கிறார்கள். "உங்களுடையதிலிருந்துதான் இந்தப் பகுதியே மற்றவர்களுக்குப் போயிருக்கிறது, உங்களை எப்படி விட்டார்கள்?" என்று கேட்கிறார். அவருக்கு நான் என்ன பதில் எழுத?

என் கையில் இல்லை என்று எழுதியிருந்தாய். நவம்பர் பதினொன்றாம் தேதி அந்தப் படிவம் உன் கையில்தானே இருந்தது?

அந்த வரியில் என்ன எழுதினாய் என்று மட்டும் சொல். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 22

அக்கா,

"தெரியாது" என்று எழுதினேன்.

வேறு எதுவும் எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை, பிடிக்காவிட்டால் இதோடு நிறுத்திவிடு.

இந்த வேலையில் சேரும்போது ஒரு கேள்வி இருந்தது. வெளியே எந்தத் தொடக்க நிரலுக்காவது எழுதியிருக்கிறீர்களா? எனக்கு முன்னால் ஒருவன் ஆம் என்று எழுதிவிட்டு வக்கீல்கள் பார்த்து முடிக்க எட்டு மாதம் வாசலிலேயே நின்றான். நான் இல்லை என்று போட்டேன். கிளியில் நான் எழுதியதெல்லாம் பட்டப்பெயரில்தானே இருக்கிறது, அலைந்து வாங்கிய கையெழுத்தும் உன் பெயரில், யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்ற தைரியம். நவம்பரில் அந்த வரியில் கிளி என்று எழுதியிருந்தால் அடுத்த கேள்வி, இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்பது. அதற்கடுத்தது, எழுதியவர் யார் என்பது. அரை மணி நேரம் அந்தப் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பயம் மட்டும்தான் என்று சொன்னால் அதுவும் பாதிப் பொய். மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். கோடிக்கணக்கான கணினிகள் காப்பாற்றப்படும், இருநூற்று எழுபது பேருக்கு ஒரு மாதம் சிரமம். அக்கா சமாளித்துவிடுவாள், அவள் எதைச் சமாளிக்கவில்லை என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு அது ஒரு வசதி. நீ சமாளிப்பாய் என்று நினைத்துக்கொண்டே நான் எல்லாவற்றிலிருந்தும் நகர்ந்து வந்திருக்கிறேன்.

உன் விண்ணப்பம் தேறிவிட்டது என்று இங்கே கேள்விப்பட்டேன். மே முதல் வாரம் கையெழுத்து வந்துவிடும். நான் எதுவும் செய்யவில்லை, உன் பதில்களைப் படித்துவிட்டு ஆய்வாளர்களே வியந்துபோய்ப் பேசிக்கொண்டார்கள். ஜூனில் லீவு போட்டு வருகிறேன். வானொலி வீட்டுக்கும் வருகிறேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை, ஆனால் வருகிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்கிறேன்.

தம்பி


மே 19

தம்பிக்கு,

கையெழுத்து ஐந்தாம் தேதி வந்தது. என் கணினியில் ஏற்றி ஆன் செய்தேன். பதினொன்று எண்ணுவதற்குள் "கிளி தயார்" என்றது. பக்கத்தில் யாரும் இல்லை, நானும் கிளியும்தான். அழுதேன்.

எல்லோருக்கும் போன் அடித்துச் சொன்னேன். இருநூற்று எழுபதில் தொண்ணூற்றாறு பேர்தான் திரும்பி வந்திருக்கிறார்கள். மற்றவர்கள் விலைக்கு விற்கிற அமைப்புகளுக்குப் போய்விட்டார்கள், சிலர் கணினியையே மூடி வைத்துவிட்டார்கள். வானொலிக்கு நானே போய்ப் புதிதாக ஏற்றிக் கொடுத்தேன். கிளி பேசியதும் தலையை அந்தப் பக்கம் சாய்த்துக் கேட்டார். "நல்லாருக்கும்மா. எதுக்கு இனிமே?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மற்ற ஏழு பேரில் இரண்டு பேருக்கு வேறு வேலை கிடைத்திருக்கிறது.

கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று நீ நினைத்துக்கொள்ளக்கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன். ஆனால் உன்னைப் புரிந்துகொள்ளவே முடியவில்லை என்று சொல்ல மாட்டேன். எட்டு மாதம் வாசலில் நிற்க யாருக்குத்தான் தெம்பு இருக்கிறது. நீ செய்தது கொடுமை, அதைச் செய்தது நீயாக இருப்பது அதைவிடக் கொடுமை.

இன்னொன்று. அந்த ஆய்வாளர் விடவில்லை. கிளியை முன்கூட்டிச் சொல்கிற பட்டியலில் சேர்த்தே ஆக வேண்டும் என்று குழுவிடம் பேசிப் படிவம் அனுப்ப வைத்துவிட்டார். இனி எந்தக் குறை வந்தாலும் பெரியவர்களுக்குச் சொல்லும்போதே எனக்கும் சொல்லிவிடுவார்கள். இந்தத் தொண்ணூற்றாறு பேரும் இனிமேல் ஒரு காலை எழுந்து ஊமைப் பெட்டி முன்னால் உட்கார வேண்டியதில்லை.

படிவத்தில் பதினாறு கேள்வி. ஒன்பதாவதில் மாட்டிக்கொண்டேன். கடந்த முறை குறை இருந்த பகுதியை முதலில் எழுதியவரின் சொந்தப் பெயர் என்ன, அவர் இப்போது எங்கே வேலை பார்க்கிறார், அந்தக் குழுவில் உள்ள யாரோடாவது உங்களுக்கு உறவு உண்டா? தெரிந்தே தவறான தகவல் கொடுத்தால் பட்டியலிலிருந்து நிரந்தரமாக நீக்கப்படும் என்று கீழே எழுதியிருந்தது.

இரண்டு நாள் அந்தக் கேள்வியிலேயே உட்கார்ந்திருந்தேன். கிளி அதைத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டியது. உன் பட்டப்பெயரைப் போட்டு, எங்கே இருக்கிறார் என்று தெரியாது, உறவு இல்லை என்று எழுதிவிடலாம். நீ எனக்குச் செய்ததை நான் உனக்காகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். நம் அம்மா இருந்திருந்தால் அப்படித்தான் எழுதச் சொல்லியிருப்பாள். ஒரு தடவை எழுதியும் பார்த்தேன். அப்புறம் அழித்துவிட்டேன்.

உன் பெயரை எழுதினேன். உன் கம்பெனியின் பெயரையும் பிரிவையும் எழுதினேன். உறவு: உடன்பிறந்த தம்பி.

போன திங்கட்கிழமை அனுப்பினேன். அவர்கள் மூன்று நாளில் சரிபார்ப்பார்கள் என்று போட்டிருந்தது. இந்தக் கடிதம் உன் கைக்கு வர இன்னும் ஐந்து நாள் ஆகும். இதைப் படிக்கும்போது உன்னைக் கூப்பிட்டு விசாரித்திருப்பார்கள், ஒருவேளை மேசையைக்கூடக் காலி செய்யச் சொல்லியிருப்பார்கள்.

உன்னிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். படிவத்தை அனுப்புவதற்கு முன்னால் இரண்டு நாள் முழுசாக இருந்தது. போன் மேசையிலேயேதான் இருந்தது, ஒரு தடவை உன் எண்ணைக்கூட அழுத்தினேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

அக்கா